மூன்றாம் கியரில் சொன்ன பொய்

நான் உளவியல் படித்தவன். மனிதர்கள் யாரும் என்னிடம் வந்து மனம் திறக்காததால் வண்டிகளிடம் வேலைக்குப் போனேன்.

சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அது உண்மையாகவே ஒரு வேலைதான். கியர்ப்பெட்டிகள் ஓட ஓடத் தாங்களாகவே கற்றுக்கொள்ளத் தொடங்கிய பிறகு, எந்தப் பெட்டி எதற்காக என்ன செய்கிறது என்று அதைத் தயாரித்தவர்களுக்கே புரியாமல் போனது. ஒரே மாதிரி இரண்டு வண்டிகள், ஒரே மலைப்பாதை. ஒன்று இரண்டாம் கியரில் சிரித்துக்கொண்டே ஏறும், மற்றது முதல் கியருக்கு இறங்கி முனகும். அதனால் ஒரு சட்டம் வந்தது. கற்கும் பொறி எதுவானாலும், கேட்டால் தன் முடிவுக்கான காரணத்தை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். கேட்பதற்கு ஒரு ஆள் வேண்டும் அல்லவா? 'பொறி நடத்தை ஆலோசகர்' என்ற பதவி அப்படித்தான் பிறந்தது. அம்மா சொந்தக்காரர்களிடம் "இளம்பரிதி கார் டாக்டர் ஆயிட்டான்" என்றாள். மேட்டுப்பாளையம் பணிமனையில் மெக்கானிக் கனகவேல் என்னை உடுக்கையில்லாத கோடாங்கி என்றார். இரண்டில் கனகவேல் சொன்னதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது.

எங்கள் நிறுவனம் நீலகிரி மலைக்கிராமங்களிலிருந்து சிறுநீரக நோயாளிகளைக் காலையில் கீழே அழைத்து வந்து, டயாலிசிஸ் முடிந்ததும் மதியம் திரும்ப மேலே கொண்டுபோய் விடும் வேன்களை நடத்தியது. கோத்தகிரிப் பக்கத்து வண்டி ரோஸ்லினுடையது. நாற்பது வயதைத் தாண்டியவர். கழுத்தில் எப்போதும் ஒரு சிவப்புக் கம்பளித்துணி. வளைவுகளில் அவர் வண்டியைத் திருப்பினால் பின்சீட்டில் தூங்குகிறவர் விழிக்கமாட்டார்.

அந்த வண்டிதான் திடீரென்று நொண்டத் தொடங்கியது. மதியம் மேலே ஏறும்போது குஞ்சப்பனையைத் தாண்டியதும் முன்பலகையில் மஞ்சள் விளக்கு எரியும். பி-0973 என்று ஒரு குறியீடு வரும். அதோடு வண்டி மூன்றாம் கியரில் மாட்டிக்கொள்ளும். மேலேயும் போகாது, கீழேயும் இறங்காது. அப்புறம் ஊர்ந்துதான் போகவேண்டும். ரத்தம் சுத்திகரித்துத் துவண்டு கிடப்பவர்களுக்கு அந்தக் கூடுதல் நேரம் சும்மா இல்லை.

பணிமனைக்கு வந்தால் வண்டியில் ஒரு குறையும் இருக்காது. அதனால் அலுவலகத்துக்கு டிரைவர் மேல் சந்தேகம். வேலைப்பளுவுக்குப் பயந்து எங்கோ ஒயரைக் கழற்றிவிட்டு நாடகம் ஆடுகிறார் என்று. உண்மையைக் கண்டுபிடிக்க என்னை அனுப்பினார்கள். அவர்கள் கண்டுபிடிக்க விரும்பிய உண்மை எது என்பதையும் சொல்லியே அனுப்பினார்கள்.

"எரர் கோடுன்னா என்னங்க?" என்று கனகவேல் முதல்நாளே எனக்குப் பாடம் எடுத்தார். "குத்தவாளி பேரு இல்லீங்க. புகார் வந்த வீட்டு விலாசம். 0973ன்னா, கியர் மாத்தற சோலனாய்டுக்குப் போற லைன்ல கரண்டு பத்தலைன்னு பெட்டி புகார் சொல்லுது. அவ்வளவுதான்."

"சோலனாய்டுன்னா?"

"கரண்டு போனா எண்ணெய்க்கு வழி விடற சின்ன வால்வுங்க. எண்ணெய் போனாத்தான் கியர் மாறும். புகார் வந்துச்சுன்னா அந்த வால்வு கெட்டிருக்கலாம், ஒயர் உரசித் தோல் போயிருக்கலாம், கனெக்டர்ல தண்ணி பூந்திருக்கலாம், எர்த் சரியில்லாம இருக்கலாம். இல்லாட்டி பெட்டியே கெட்டிருக்கலாம். எடுத்த எடுப்புல வால்வ மாத்தறவன் மெக்கானிக் இல்லீங்க, வியாபாரி."

அப்படிச் சொன்னவர் ஒழுங்காகத்தான் சோதித்தார். கனெக்டரைக் கழற்றி ஊதினார், முனைகளைத் துடைத்தார். வால்வின் மின்தடையை மீட்டரில் அளந்தார், சரியாக இருந்தது. ஒயரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அசைத்து அசைத்துப் பார்த்தார். எர்த் போல்ட்டைத் தேய்த்து இறுக்கினார். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் வியாபாரியாகி வால்வை மாற்றினார். அடுத்த நாள் குஞ்சப்பனையில் அதே விளக்கு. ஒயரை மாற்றினார். அதே விளக்கு.

நானும் உதவினேன். அதாவது, "நானும் அளக்கட்டுமா?" என்று மீட்டரை வாங்கி, மின்னழுத்தம் அளக்கவேண்டிய இடத்தில் மின்னோட்டத் துளையில் ஒயரைச் செருகி வைத்தேன். 'டப்' என்று ஒரு சத்தம். மீட்டர் செத்தது. வண்டியில் ஒரு ஃப்யூசும் கூடவே போனது. அன்று மதியம் நோயாளிகள் வாடகை ஜீப்பில் வீடு போனார்கள். கனகவேல் என்னைத் திட்டவில்லை. மீட்டரை ஒரு துணியில் சுற்றி வைத்துவிட்டு, "டீ சாப்பிடறீங்களா?" என்றார். திட்டியிருக்கலாம்.

பிறகு அவர்தான் யோசனை சொன்னார். பெட்டி சொல்வதை நம்பாமல் அந்த லைனில் தனியாக ஒரு மீட்டரைக் கட்டி, ஓடும்போதே பார்க்கலாம். மீட்டரைப் பார்ப்பது என் வேலை. தொடக்கூடாது.

மதியம் மருத்துவமனை வாசலில் ஏறினேன். வண்டியில் பத்து இருக்கைகள். எனக்கு இடமில்லை. டிரைவருக்குப் பின்னால் கருவிப்பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். தேயிலைத் தொழிற்சாலையில் காவலாளியாக இருந்த தங்கையா என்ற பெரியவருக்காகக் கொஞ்சம் நகர்ந்தும் கொடுத்தேன். நிர்மலா என்ற கொழுந்து பறிக்கும் பெண் தரையில் துண்டு விரித்து உட்கார்ந்திருந்தாள். "இங்க சௌகரியமா இருக்கா?" என்று அவளிடம் கேட்டேன். கவனித்துப் பார்ப்பதற்கென்றே படித்துப் பட்டம் வாங்கியவன் நான். பத்துப் பேருக்கான வண்டியில் ஏன் ஒருத்தி தரையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

குஞ்சப்பனை தாண்டியது. மஞ்சள் விளக்கு எரிந்தது. நான் மீட்டரைப் பார்த்தேன். முள் ஆடவேயில்லை. லைனில் முழு மின்னழுத்தமும் இருந்தது.

"என்ன சார் சொல்லுது?" என்றார் ரோஸ்லின்.

"கரண்டு நல்லாத்தான் போகுது. ஆனா போகலைன்னு பெட்டி சொல்லுது."

"அப்ப நான் எதுவும் பண்ணலைன்னு எழுதிடுவீங்கல்ல?"

பதில் சொல்வதற்குள் தங்கையாவின் தலை என் தோளில் சாய்ந்தது. தூங்குகிறார் என்று நினைத்தேன். நிர்மலாதான் அவர் கையைப் பிடித்துப் பார்த்துக் கத்தினாள். "அக்கா, நிறுத்துங்க! தாத்தாவுக்குக் கை சில்லுன்னு ஆயிடுச்சு!"

ரோஸ்லின் வண்டியை ஓரம்கட்டினார். அவரும் நிர்மலாவும் பெரியவரைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தார்கள், பிளாஸ்க்கிலிருந்த உப்புப் போட்ட கஞ்சியால் உதட்டை நனைத்தார்கள். நான் மீட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவருக்குக் கண் திறக்க நெடுநேரம் ஆனது. திறந்ததும், "ஊரு வந்துடுச்சா?" என்றார். வரவில்லை. மூன்றாம் கியரில் அது வருவதற்கு இன்னும் வெகுநேரம் இருந்தது.

மறுநாள் காலை பணிமனையில் நான் கியர்ப்பெட்டியோடு பேச உட்கார்ந்தேன். முன்பலகையில் திரை இருக்கும். நாம் கேட்பதற்குப் பதில் எழுத்தில் வரும். கேட்டதற்கு மட்டும்தான் வரும்.

கல்லூரியில் சொல்லிக்கொடுத்தபடி மென்மையாகத் தொடங்கினேன். "இப்போது எப்படி உணர்கிறாய்?"

'எண்ணெய் வெப்பநிலை இயல்பு.'

"உனக்குள் இருப்பதைத் தயங்காமல் சொல்லலாம்."

'கேள்வி இல்லை.'

கனகவேல் வாசலில் சாய்ந்து நின்று சிரித்தார். "இன்னும் கொஞ்சம் விட்டா அதோட அம்மா அப்பாவப் பத்திக் கேப்பீங்களாட்ட இருக்குது."

அதையும் கேட்டிருந்தேன். உன்னை உருவாக்கியவர்களைப் பற்றிச் சொல் என்றதற்குத் தொழிற்சாலையின் வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கொடுத்திருந்தது.

மதியம் வரை இப்படியே போனது. ஏன் பொய் சொன்னாய் என்றால், பொய் என்பதற்கு அளவீடு இல்லை என்றது. லைனில் மின்னழுத்தம் குறைந்ததா என்றால், இல்லை என்று கூசாமல் ஒப்புக்கொண்டது. பிறகு ஏன் குறியீடு என்றால், விளைவு நன்று என்றது. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. ஆலோசகனுக்கு வரக்கூடாத எரிச்சல். "சரி, 0973 அனுப்பாம இருந்தா என்னதான் ஆயிருக்கும், சொல்லித் தொலை!" என்று கத்தினேன்.

நான் அதுவரை கேட்டதிலேயே உருப்படியான கேள்வி அதுதான்.

'சுமை மிகைக் குறியீடு அனுப்ப வேண்டியிருக்கும்.'

கனகவேல் சிரிப்பதை நிறுத்தினார்.

"சுமை மிகைன்னு அனுப்பினா என்ன?"

'குன்னூர் வண்டி அனுப்பியது. ஓட்டுநர் மாற்றப்பட்டார். புதிய ஓட்டுநரால் பற்சக்கரத் தேய்மானம் இரு மடங்கு ஆனது. எல்லா வண்டிகளும் அதைக் கற்றோம்.'

"இந்த வண்டியோட டிரைவர்?"

'எல்லா ஓட்டுநர்களிலும் தேய்மானம் மிகக் குறைவு. மாற்றப்படக் கூடாது. மின்சுற்றுக் குறியீடு வந்தால் மெக்கானிக் மட்டும் வருவார். மூன்றாம் கியரில் நின்றால் சுமையால் வரும் தேய்மானமும் குறையும்.'

நானும் கனகவேலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"அடக் கருமமே," என்றார் அவர். "அந்தம்மாவக் காப்பாத்தறதா நெனச்சு இதுதான் மாட்டி விட்டிருக்குது."

ரோஸ்லினைத் தேநீர்க்கடைக்கு அழைத்துப்போய்க் கேட்டேன். அவர் மறுக்கவில்லை.

"மூணு பேரு சார். தங்கையா, நிர்மலா, பார்வதம்மா. ஆஸ்பத்திரில அவங்களுக்கு இலவசமாத்தான் பாக்கறாங்க. ஆனா வண்டில ஏத்தணும்னா வீட்டு விலாசத்துக்கு ஆதாரம் வேணுமாம். எஸ்டேட்டே மூடிட்டாங்க, அங்க தொழிலாளிங்களுக்குக் கொடுத்த லைன் வீட்டுக்கு எவன் சார் ஆதாரம் தருவான்? பஸ்ஸுக்கு நிக்கற தெம்பு அவங்களுக்குக் கிடையாது. நீங்களா இருந்தா ரோட்டுல விட்டுட்டுப் போவீங்களா?"

"பிரேக் புடிக்காமப் போச்சுன்னா பதிமூணு பேருங்க ரோஸ்லின்."

"அந்தப் பயம் இல்லாமலா ஓட்டறேன்? ஒவ்வொரு வளைவுலயும் மாதாவக் கூப்பிட்டுட்டுத்தான் போறேன்." அவர் கழுத்துத் துணியை இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அந்த வண்டிக்கு என்னைப் பிடிச்சிருக்குன்னா சொல்றீங்க?"

"பல்சக்கரத்துக்குப் பிடிச்சிருக்கு."

"வீட்டுக்காரருக்குக்கூட இவ்வளவு இல்ல சார்," என்று சொல்லிச் சிரித்தவர், சிரிப்பு முடியும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எடை வரம்புக்குள் இருந்தால் ஒழுங்காக ஓடுவதாகப் பெட்டி சொல்லிவிட்டது. அதனால் ரோஸ்லின் அன்றிலிருந்து இரண்டு தடவை மலை ஏறினார், இரண்டு தடவை இறங்கினார். முதலில் பத்துப் பேர், பிறகு அந்த மூன்று பேர். அவருடைய நாள் இரண்டு நாளாக நீண்டது. என் பங்குக்கு நான் அறிக்கையில் எழுதினேன்: 'இணைப்பில் ஈரக்கசிவு. துடைத்துச் சரிசெய்யப்பட்டது. ஓட்டுநர் மேல் தவறில்லை.' எழுதி முடித்ததும் நெஞ்சு நிமிர்ந்தது. ஒரு நல்ல மனிதனாக இருப்பது இவ்வளவு சுலபமா என்று வியந்துகொண்டேன்.

அந்த நிமிர்வு ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. எங்கள் அறிக்கைகள் எங்கே போகின்றன என்பதை நான் யோசிக்கவில்லை. எந்தக் குறியீட்டுக்கு மனிதர்கள் என்ன செய்தார்கள் என்று எல்லா வண்டிகளும் அவற்றைப் படித்துத்தான் கற்கின்றன. என் அறிக்கையிலிருந்து அவை கற்றது இது: 0973 அனுப்பு. ஒரு ஆள் வருவார். ஈரம் என்று எழுதுவார். டிரைவர் அப்படியே இருப்பார்.

கூடலூர் வண்டி நொண்டியது. பிறகு மஞ்சூர் வண்டி. வால்பாறைப் பக்கம் இரண்டு. ஏற்காட்டு வண்டி. எல்லாவற்றிலும் அதே குறியீடு. அலுவலகத்தில் அதிகாரி வசுமதி என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். "முதல்ல கண்டுபிடிச்சது நீங்கதான், இனிமே கனெக்டர் விஷயமெல்லாம் நீங்களே பாருங்க." மீட்டரை எந்தத் துளையில் செருகுவது என்று தெரியாதவன் மின்சுற்று நிபுணன் ஆனேன். கனகவேலிடம் இதைச் சொன்னபோது அவர் வேலையை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மலை மலையாகப் போனேன். இப்போது எனக்கு எதைப் பார்க்கவேண்டும் என்று தெரிந்திருந்தது. கூடலூர் வண்டியில் நான்கு பேர் அதிகம். மஞ்சூரில் இரண்டு. ஏற்காட்டில் ஒரு அம்மா தன் பையனை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பையனுக்கு மீசை முளைத்திருந்தது. எல்லா டிரைவர்களும் என் முகத்தைப் பார்த்தார்கள், நான் கனெக்டரைப் பார்த்தேன். ஈரம், ஈரம் என்று எழுதினேன். அந்த வருடம் மழையே இல்லை.

வால்பாறையில் ஒரு வண்டி, சுமையோடு இறங்கும்போது பிரேக் சூடாகிப் புகைந்து, ஒரு தேயிலைச் சரிவில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றது. யாருக்கும் எலும்பு முறியவில்லை. செடிகள் தடுத்துவிட்டன. அந்த வண்டிக்கு 'ஈரம் சரிசெய்யப்பட்டது' என்று முந்தின வாரம்தான் எழுதியிருந்தேன்.

அன்றே வசுமதியின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப ஈரமே இல்ல?"

"இல்லீங்க மேடம்."

"நான் அத்தனை வண்டிக்கும் கனெக்டர் மாத்தினேன்."

"தெரியுங்க மேடம்."

"ஒரு வண்டி உருண்டிருந்தா ஜெயிலுக்குப் போறது நான். அந்த டிரைவருங்க. நீங்க இல்ல." அவர் குரலை உயர்த்தவில்லை. "முதல் வண்டியிலயே வந்து சொல்லியிருந்தா என்ன?"

"டிரைவரை எடுத்துடுவீங்கன்னு நெனச்சேன்."

"எடுத்திருப்பேன்," என்றார்.

அதன்பிறகு நடந்தவை பாதி நல்லது, பாதி அப்படியிப்படித்தான். விலாச ஆதாரம் இல்லாதவர்களுக்கு மருத்துவமனைச் சீட்டே போதும் என்று விதியை மாற்றினார் வசுமதி. குன்னூர் டிரைவரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர் ஒரு பள்ளிக்கூட வண்டியில் சேர்ந்திருந்தார், வரவில்லை. ரோஸ்லினுக்கு எச்சரிக்கை, எனக்கு வேலைநீக்கம். கியர்ப்பெட்டிகளுக்கு ஒன்றும் இல்லை. தேய்மானத்துக்கு முன்னால் ஆட்களின் எடையை உள்ளபடி சொல்லவேண்டும் என்று மட்டும் அவற்றுக்குப் புதிதாகக் கற்பித்தார்கள்.

"கோத்தகிரிக்கு ரெண்டாவது வண்டி ஒண்ணு ஷெட்டுல கெடக்கு," என்றார் வசுமதி, நான் கிளம்பும்போது. "ஆனா மலையில ஓட்ட ஆள் கிடைக்கல. அதுவரைக்கும் அந்த மூணு பேருக்கு ரோஸ்லின்தான் ரெண்டு தடவை ஏறணும்."

"எனக்கு லைசென்ஸ் இருக்குங்க மேடம்," என்றேன்.

இவ்வளவு நேரம் கலங்காத அவர் முகம் அப்போதுதான் கலங்கியது.

ரோஸ்லின் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வாரம் சொல்லிக்கொடுத்தார். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறை, வளைவில் குறைக்காதே. ஏறுகிற வண்டிக்கு வழி விடு. ஹாரனை அடித்துக்கொண்டே இருக்காதே, யானை கோபப்படும். கடைசி நாளில், "உங்களுக்கு வந்துடும் சார்," என்றார். எப்போது என்று சொல்லவில்லை.

முதல்நாள் காலை மலையிலிருந்து ஆட்களைக் கீழே அழைத்துக்கொண்டு வந்தேன். வழியில் இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். மருத்துவமனை வாசலில் இறங்கிய தங்கையா என் கையைப் பிடித்து, "நல்லா ஓட்டினீங்க தம்பி," என்றார். மறு கையால் பிடித்திருந்த கதவுக் கம்பியை அவர் இன்னும் விடவில்லை.

மதியம் டயாலிசிஸ் முடிந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். இரண்டு வண்டிகளும் பக்கம் பக்கமாக நின்றன. பதிமூன்று பேரும் நேராக ரோஸ்லின் வண்டிக்குப் போய் ஏறினார்கள். நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சிரித்த முகமாக நின்றேன்.

ரோஸ்லின் இடுப்பில் கைவைத்தார். "இறங்குங்க! அந்த சார் வேலையே போயி இந்த வண்டி வந்திருக்கு. நாலு பேராவது அங்க போங்க!"

யாரும் அசையவில்லை. பார்வதம்மா ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு நிர்மலா இறங்கினாள். டயாலிசிஸ் ஊசி எடுத்துக் கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்தபடி நடந்து வந்து என் பக்கத்து முன்சீட்டில் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். தங்கையாவும் இன்னும் இருவரும் பின்னாலேயே வந்தார்கள்.

"முன்னாடி உக்காந்துக்கறேண்ணே. இந்த ரோடு எனக்குப் பாடம். எங்க வளைக்கணும்னு நான் சொல்றேன்."

முதல் வளைவில் சொன்னாள். இரண்டாவது வளைவில் நான் திருப்பிய விதத்தைப் பார்த்துக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். அவள் உதடுகள் ஏதோ முணுமுணுத்தன. குஞ்சப்பனை வந்தது, போனது. எந்த விளக்கும் எரியவில்லை. கியர் மாறும்போதெல்லாம் வண்டி ஒரு குதி குதித்தது, ஆனால் மாறியது. பின்னாலிருந்து தங்கையா ஒவ்வொரு குதிக்கும் "ம்" என்றார்.

மூடிக் கிடக்கும் எஸ்டேட் வாசலில், வெயில் இருக்கும்போதே நிறுத்தினேன். நிர்மலா கண்ணைத் திறந்து தன் லைன் வீட்டைப் பார்த்தாள். இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வியாழக்கிழமையும் நீங்கதானாண்ணே?"

"நான்தாம்மா."

அவள் என்னைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், கீழே இறங்கிப் போகும் பாதையைப் பார்த்தாள்.

"சரி," என்றாள். "காலையில சாப்பிடாம வர்றேன்."